புகழோடு ஒதுங்கு என்னும் உபதேசம்

ஆடி முடித்தவன் அரங்கத்தை விட்டு இறங்கிவிட வேண்டும் என்போர் தொகை எக்காலத்தும் பெரிது. புகழின் உச்சியில் நிற்கும்போதே விலகுவது பெருந்தன்மை. வயது ஏறியபின் மீண்டும் வந்து இளையோரிடம் தோற்பது பேதைமை. இஃது அவர்தம் வாதம். சுங்கைப்பட்டாணியிலோ பாடாங் செராயிலோ காற்பந்து ஆட்டம் ஒன்று முடிந்து, நாற்பதைக் கடந்த பழைய ஆட்டக்காரர் ஒருவர் திடலோரம் மூச்சு வாங்க அமர்ந்திருக்கக் கண்டால், "இவருக்கு ஏன் இந்த ஆசை?" என்று கேட்டுச் சிரிப்பவரும் அவர்களே. செவிக்கு இனிய உபதேசந்தான். ஆயினும் அதன் அடியில் கிடக்கும் அநீதியை எவரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

இதற்குச் சான்றாக டாக்டர் மணி ஜெகதீசனைக் காட்டுவர். பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்து, 1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றவர் அவர். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அதன்பின் ஓட்டத்தை விட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தை ஒட்டியே இருந்தது. அந்தத் தேசியச் சாதனை 2017 வரை முறியடிக்கப்படவில்லை. என்னே பெருமிதமான விலகல் என்று மேடைகளில் வியக்கின்றனர். வியப்பு தகும். ஆனால் ஒரு சாதனை நாற்பத்தொன்பது ஆண்டுகள் நின்றது அவருக்குப் பெருமை. அவருக்குப்பின் வந்த அமைப்பினர்க்கு அது பெருமையாகுமா? மேலும், அவர் ஓட்டத்தை விட்டபோது கையில் மருத்துவத் தொழில் இருந்தது. பின்னாளில் நாட்டின் சுகாதாரத் துணைத் தலைமை இயக்குநராகவும் உயர்ந்தார். போவதற்கு ஓர் இடம் உள்ளவனுக்கே கம்பீரமாகப் போவது கைகூடும்.

தோட்டத்துப் பிள்ளைக்கு அவ்விடம் எங்கே இருந்தது? விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி, பால் வாளியைக் கொட்டகையில் இறக்கிவிட்டு, மாலையில் லயத்துக்கு எதிரே உள்ள திடலில் பந்தை உதைத்தவன் அவன். அவனுக்கு ஓய்வு என்னும் சொல்லே வேறு பொருள் தந்தது. ஐம்பத்தைந்து வயதானதும் வேலை முடியும். வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு, பிறந்து வளர்ந்த லயத்தைத் திரும்பிப் பார்த்தவாறே பட்டணத்து ஓரத்தில் குடியேறியவர் கெடாவில் ஒருவர் இருவர் அல்லர். தனியார் துறையில் ஓய்வு வயதுக்கு அறுபது என்னும் குறைந்தபட்ச வரம்பு சட்டமாக நடைமுறைக்கு வந்ததே 2013 ஜூலையில்தான். ஓய்வு பெற்ற கிழவர் குத்தகைக்காரனிடம் மீண்டும் கத்தி பிடிக்கப் போனபோது, "உம் புகழ் கெடும், போகாதீர்" என்று எவரும் தடுத்ததில்லை. உழைப்புக்குத் திரும்பலாம், விளையாட்டுக்குத் திரும்பலாகாது என்பது என்ன நியாயம்?

அரசியலை எடுத்துக்கொண்டாலும் இதே கதை. அலோர் ஸ்டாரில் பிறந்த டாக்டர் மகாதீர் 2003இல் பதவி துறந்தார். 2018 மே மாதம், தொண்ணூற்றிரண்டாம் வயதில், மீண்டும் பிரதமரானார். அவ்வாட்சி இரண்டு ஆண்டும் நிறையாமல் முடிந்தது என்பது வேறு. நாட்டைச் சுமக்கத் தடையாகாத வயது, பந்தைச் சுமக்க மட்டும் தடையாகிவிடுகிறது!

முகம்மது அலியைக் காட்டி அச்சுறுத்துவர் சிலர். அவ்வச்சத்தில் உண்மை உண்டு. 1975இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரைப் பதினைந்து சுற்றுகளில் வென்ற அதே அலி, ஓய்வை அறிவித்துவிட்டு, 1980 அக்டோபரில் முப்பத்தெட்டாம் வயதில் லாரி ஹோம்ஸின்முன் நின்றார். அன்று அவர் வாங்கிய அடிகளைப் பார்த்தவர் மறக்கமாட்டார். குத்துச்சண்டையில் முதுமை கேட்கும் விலை உயிர். அங்கே தடுப்பதே அறம். ஜார்ஜ் ஃபோர்மன் 1994இல் நாற்பத்தைந்தாம் வயதில் பட்டத்தை மீட்டார் என்பதைக் காட்டி அந்த அறத்தைத் தளர்த்த இயலாது. ஆனால் ஓடுபவனும் பந்து எறிபவளும் இழப்பது சில விநாடிகளையும் சில புள்ளிகளையுமே. குத்துமேடையின் நீதியைத் திடல்தடத்துக்கு இழுத்து வருவது குழப்பம்.

பி.டி.உஷாவைப் பாருங்கள். 1990 பெய்ஜிங் போட்டியில் மூன்று வெள்ளி வென்றபின் விலகினார், மணம் புரிந்தார், தாயானார். பின்பு திரும்பி வந்து, 1998இல் ஃபுகுவோகாவில் முப்பத்து நான்காம் வயதில் 200, 400 மீட்டர் ஓட்டங்களில் வெண்கலம் பெற்றார். தங்கமன்று, வெண்கலம். ஏளனம் செய்தோர் அன்றும் இருந்திருப்பர். அந்த வெண்கலத்தால் 1986 சியோலில் அவர் வென்ற நான்கு தங்கங்களில் எது கறுத்தது? யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கமோ, இடையில் தேசிய வலைப்பந்து அணியை விட்டு விலகியிருந்தவர், 2018இல் முப்பத்தொன்பதாம் வயதில் சிங்கப்பூரில் இலங்கைக்காகக் களம் இறங்கினார். ஆசியக் கிண்ணம் இலங்கைக்கு வந்தது. மறு ஆண்டு லிவர்பூல் உலகக் கிண்ணப் போட்டியில் மிகுதியான கோல்கள் போட்டவரும் அவரே.

இங்கே எதிர்த்தரப்பார் ஒரு வினாவை எழுப்பலாம். அது வலிமையான வினா. மூத்தவர் நிற்கும் இடம் இளையவர் ஒருவர்க்கு உரிய இடம் அன்றோ? ஆம், உரியதே. இவ்வினாவைத் திரும்பி வருபவரிடம் கேட்பதுதான் பிழை. அணியைத் தேர்ந்தெடுப்பவரிடம் கேட்க வேண்டும். கோயில் திருவிழாவையொட்டி நடக்கும் கிண்ணப் போட்டிகளில் பழைய நட்சத்திரத்தின் பெயரைச் சுவரொட்டியில் அச்சிட்டுக் கூட்டம் சேர்ப்பது, பயிற்சிக்கு ஒரு நாளும் வராதவரை முதற்பாதியில் இறக்குவது, மூன்று மாதம் ஓடிப் பழகிய பதினெட்டு வயதுப் பையனைப் பலகையில் உட்கார வைப்பது, இவையே குற்றம். அங்கே மூத்தவரும் ஏமாற்றப்படுகிறார்; அவர் காலை அழைத்தவர் எவருமில்லை, பெயரையே அழைத்தனர். மூத்தவர் வரட்டும். ஆனால் தேர்வுப் பந்தயத்தின் கோட்டில் எல்லாரோடும் நின்று வரட்டும். தோற்றால் வெளியே நிற்கட்டும். அவரை வென்று உள்ளே போகும் பையனுக்கு, எந்தப் பயிற்சி முகாமும் தராத துணிவு அந்த ஒரு பந்தயத்தில் கிடைத்துவிடும்.

கெடாவில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டன; குடும்பங்கள் சுங்கைப்பட்டாணிக்கும், 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்த கூலிமுக்கும் பெயர்ந்தன. லயத்தோடு திடலும் போயிற்று. இடதுகாலால் பந்தை எப்படி வளைப்பது, மழைத் திடலில் எப்படி வழுக்காமல் திரும்புவது என்பவை எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை; அவை அந்தப் பழைய ஆட்டக்காரர்களின் கால்களிலேயே உள்ளன. அவர்களை ஆடாதே என்று வீட்டில் உட்கார்த்தினால் அவ்வறிவும் உட்கார்ந்துவிடும். உஷா 2000இல் இறுதியாக விலகியபின் கொயிலாண்டியில் ஓட்டப் பள்ளி நிறுவினார். அவரிடம் பயின்ற டின்டு லூகா 2014 ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார்.

தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் பழைய வீரரை அழைத்துப் பொன்னாடை போர்த்தி, நிழலில் நாற்காலி போட்டு, பரிசு வழங்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்நாற்காலியை எடுத்துவிட்டு, போட்டிக்கு மூன்று மாதம் முன்பே அவரை மாலை வேளையில் திடலுக்கு அழைத்து, ஆறாம் ஆண்டு மாணவரோடு ஓட விடலாம். ஊதுகுழலை அவர் கையில் கொடுக்கலாம். பொன்னாடைக்கு ஆகும் செலவில் இரண்டு பந்துகள் வாங்கலாம்.