சின்னக் கணனிக்கு எந்தக் கிராபிக்ஸ் அட்டை?

எமது வீடுகள் பலவற்றில் பிள்ளைகளின் படிப்புக்கென்று பாவித்த அலுவலகக் கணனி ஒன்று வந்துவிடுகிறது. டெல் ஒப்ரிபிளெக்ஸ், புஜிற்சு எஸ்பிறிமோ போன்ற சின்னப் பெட்டிகள். மலிவு, நன்றாக உழைக்கும். சில மாதத்தில் பிள்ளை, "அப்பா, விளையாட்டு இழுத்து இழுத்து ஓடுது, கிராபிக்ஸ் அட்டை வேணும்" என்று கேட்கத் தொடங்கும்.

எம்மிடமும் கேட்டது. விளம்பரம் பார்த்து, தனியாள் ஒருவரிடம் 60 யூரோவுக்கு வாங்கினோம். தொழிற்சாலையில் அரைநாள் நின்ற காசு. வீட்டில் மூடியைத் திறந்தால், அட்டை பெட்டியை விட உயரம்! விற்றவர் திருப்பி எடுக்கவில்லை. விளம்பரத்தின் அடியில் 'கைன கெவேர்லைஸ்ருங்', அதாவது உத்தரவாதம் இல்லை என்று எழுதியிருந்ததை நாம் வாசிக்கவில்லை. தனியாள் அப்படி விற்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கடையொன்றிடம் இணையத்தில் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பியிருக்கலாம்.

ஆகவே, வாங்கமுன் மூன்று விடயம் பாருங்கள்.

முதலாவது உயரம். சாதாரண அட்டையின் தகடு 12 செ.மீ., சின்னப் பெட்டிக்கு உரியது 8 செ.மீ. 'லோ புறொபைல்' என்று போட்டிருக்க வேண்டும். குட்டைத் தகடும் கூட வருகிறதா என்று கேளுங்கள்.

இரண்டாவது மின்சாரம். இவ்வகைக் கணனிகள் பலவற்றின் 'நெற்ஸ்ரைல்' 200 வாட் அளவுதான். அட்டை செருகும் இடத்தால் ஆகக்கூடியது 75 வாட் வரும். தனி வயர் கேட்கும் அட்டை வேண்டாம். ஜீ.ரீ. 1030 க்கு 30 வாட், ஜீ.ரீ.எக்ஸ். 1650 க்கு 75 வாட். இந்த 45 வாட் வித்தியாசம், நாளுக்கு 4 மணித்தியாலம் விளையாடினால், வருடத்துக்கு ஏறக்குறைய 66 அலகு. அலகு 40 சதம் என்று வைத்தால் 26 யூரோ. வருடக்கடைசியில் 'நாஹ்சாலுங்' கடிதம் வரும்போதுதான் அது உறைக்கும்.

மூன்றாவது நினைவகம். 2017 இல் வந்த ஜீ.ரீ. 1030 இல் இருந்தது ஜி.டி.டி.ஆர்.5. 2018 இல் அதே பெயரில் டி.டி.ஆர்.4 உடன் இன்னொன்று வந்தது. அதன் நினைவக வேகம் முந்தியதில் மூன்றிலொன்றுதான். பெயர் ஒன்று, சரக்கு வேறு. சின்ன எழுத்தை வாசியுங்கள்.

2022 இல் வந்த ரேடியன் ஆர்.எக்ஸ். 6400, 53 வாட்டில் 1030 ஐ விட நன்றாக ஓடும். ஆனால் பழைய கணனியில் அதன் முழு வேகம் கிடைக்காது.

வீட்டுப்பாடமும் படம் பார்ப்பதும் மட்டுமென்றால் கணனியோடு வந்த கிராபிக்ஸே போதும். உள்ளே நினைவகத் தட்டு ஒன்றுதான் இருந்தால், அதே மாதிரி இன்னொன்று போட்டுப் பாருங்கள். சின்ன விளையாட்டுகளுக்கு அதுவே காணும்.

காசை எடுக்கமுன் மூடியைத் திறந்து, அடிமட்டத்தால் அளவுங்கள். நாம் பிந்தித்தான் அளந்தோம்.