வடசென்னைத் துணை நடிகர்களும் எழுதப்படாத ஒப்பந்தமும்

‘மெட்ராஸ்’ (2014), ‘வடசென்னை’ (2018), ‘சார்பட்டா பரம்பரை’ (2021) ஆகிய படங்கள் வடசென்னை வாழ்வைத் தமிழ்த் திரையின் மையத்துக்குக் கொண்டுவந்தன. ஆனால் இராயபுரத்திலோ எண்ணூரிலோ துணை நடிகர் வேலை தேடுபவர், வடபழனியைச் சுற்றி இயங்கும் முகவர்களையும் சங்க அட்டையையுமே நம்ப வேண்டியுள்ளது. அட்டையற்றவருக்கு முகவரின் கமிஷன் போக எஞ்சுவதே கூலி. குடிசைவாசி, அடியாள் வேடங்களுக்கு அழைக்கப்படும் அதே முகம், கல்லூரிக் காட்சிக்கும் அலுவலகக் காட்சிக்கும் ‘பொருந்தாது’ என ஒதுக்கப்படுகிறது. நிறத்தையும் வசிப்பிடத்தையும் சாதியின் அடையாளமாக வாசிக்கும் பார்வையே இத்தேர்வை நடத்துகிறது. முகவர் வழியாக அமர்த்தினாலும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டுமென 1981ஆம் ஆண்டின் திரைப்படத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஒரு நாள் வேலைக்கும் அதைக் கேட்டுப் பெறுவதே நம் முதல் கோரிக்கையாக வேண்டும்.