சிறுநாடும் பெருமொழியும்

ஒரு நாட்டின் பெருமையை அதன் நிலப்பரப்பைக் கொண்டும் மக்கள்தொகையைக் கொண்டும் அளப்பவர் பலர். தன் தாய்மொழியை அந்நாடு எவ்விருக்கையில் அமர்த்தியுள்ளது என்பதே உண்மையான அளவுகோலாகும். இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டா. எம் திருமறைக்காட்டிலிருந்து கரையோரமாக வடக்கே நாகையையும் காரைக்காலையும் கடந்தால் தரங்கம்பாடி. அங்கே கடலை நோக்கி நிற்கும் கோட்டையைக் கட்டியவர், ஐரோப்பாவின் வடபகுதியிலுள்ள தென்மார்க்கு என்னும் சிறுநாட்டின் வணிகர்.

எத்துணைச் சிறுநாடு? அதன் தாய்நிலம் தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கே. மக்கள் ஏறத்தாழ 60 இலக்கம். நாமோ 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படியே 7 கோடியே 21 இலக்கம்.

1616-இல் அந்நாட்டரசன் நான்காம் கிறித்தியன் கீழைக்கடல் வணிகத்திற்கென ஒரு குழுமம் நிறுவினான். 1618-இல் புறப்பட்ட கப்பல்கள் 1620-இல் சோழக் கரையை அடைந்தன. அவ்வாண்டு நவம்பரில் தஞ்சை இரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியில் வணிகம் செய்யவும் கோட்டை கட்டவும் அவர்கட்கு உரிமை வழங்கினார். அதையொட்டித் தென்மார்க்கு அரசனுக்கு அவர் விடுத்த திருமுகம் பொன்னேட்டில் பொறிக்கப்பட்டது. அப்பொன்னேடு கோப்பனேகன் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளது. அதன் மொழி யாது? தமிழ்! விடுத்த அரசர் தெலுங்கு வழியினர். பெற்ற அரசனோ தமிழ் அறியாதவன். ஆயினும், இந்நிலத்தின் பெயரால் வேற்றரசனோடு பேசுங்கால் இந்நிலத்தின் மொழியிலேயே பேசவேண்டும் என்னும் முறைமை அன்று இருந்தது.

1706-இல் தென்மார்க்கு அரசன் விடுத்த செருமானியச் சமயத்தொண்டர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். சமயம் பரப்ப வந்தவரே அவர், அதனை மறைப்பதற்கில்லை. ஆயினும் தமிழ்ச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்றார். ஏட்டுச் சுவடிகளைத் திரட்டினார். கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் செருமானிய மொழியில் பெயர்த்தார். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது. 1716-இல் அவர் இலத்தீனில் எழுதிய தமிழிலக்கணம் செருமனியின் ஆலே நகரில் வெளிவந்தது. இவ்வாறு ஒரு சிறுநாட்டின் கப்பல் வழியே தமிழ் ஐரோப்பிய அறிஞர் மேசையை அடைந்தது. 1845-இல் தென்மார்க்கியர் தரங்கம்பாடியையும் வங்கத்துச் சிராம்பூரையும் பன்னிரண்டரை இலக்கம் உருபாவிற்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டு அகன்றனர்.

இனி, அவர்தம் சொந்த நாட்டை நோக்குவோம். அங்கும் தாய்மொழி எளிதில் அரியணை ஏறிவிடவில்லை. அரண்மனையில் செருமானியமும், பல்கலைக்கழகத்தில் இலத்தீனும், உயர்குடியினர் நாவில் பிரெஞ்சும் கோலோச்சின. 1722-இல் ஓல்பர்க்கு என்பார் தென்மார்க்கு மொழியிலேயே நாடகங்கள் எழுதி மேடையேற்றினார். 1841-இல் கீர்க்கெகார் என்னும் மெய்யியலறிஞர், தம் ஆய்வேட்டை இலத்தீனில் அன்றித் தாய்மொழியில் அளிக்க அரசனிடம் வேண்டி இசைவு பெற்றார். ஆண்டர்சன் தம் மக்கள் மொழியில் எழுதிய சிறுவர் கதைகள் இன்று உலகமெங்கும் வழங்குகின்றன. தாய்மொழியில் எழுதியதால் அவர்களை உலகம் அறியாமற் போயிற்றா? உலகமன்றோ அவர்களைத் தேடி வந்து மொழிபெயர்த்துக்கொண்டது!

"ஆங்கிலமின்றேல் கிணற்றுத் தவளையாவோம்" என்று நம்மவர் அஞ்சுகின்றனர். தென்மார்க்கியரும் ஆங்கிலம் நன்கு கற்றவரே. ஆனால் அவர்தம் பள்ளியும் முறைமன்றமும் நாடாளுமன்றமும் தாய்மொழியில் இயங்குகின்றன. அயன்மொழியை அவர்கள் பலகணியாகக் கொண்டனர்; நாமோ அதனையே வீடாக்கிக் கொண்டு தாயைத் திண்ணையில் கிடத்தினோம்.

நம் நிலையை எண்ணுக. தேவாரம் மறைக்காடு எனப் பாடிய ஊரை வேதாரணியம் என வடமொழியாக்கிப் பெயர்ப்பலகையில் எழுதியுள்ளோம். சென்னை உயர்முறைமன்றத்தில் தமிழ் வழங்கவேண்டும் என 2006-இல் சட்டமன்றம் முடிவெடுத்தும் நடுவணரசு இசையவில்லை. காவிரிப்படுகை உழவன் தன் நிலத்திற்காக அம்மன்றம் சென்றால், தன் வழக்கு எவ்வாறு பேசப்படுகிறது என்பதே அவனுக்கு விளங்குவதில்லை. 1620-இல் ஓர் அரசனுக்கு எழுதத் தகுதியாயிருந்த மொழி, இன்று அதன் சொந்த மண்ணின் உழவனுக்கு முறை வழங்கத் தகுதியற்றதா?

பழம்பெருமை பேசிக் களிப்பதற்கு அன்று, அப்பொன்னேடு நம்மை வினவுதற்கே நிலைத்துள்ளது. பெற்றோர் தம் மக்களைத் தமிழ்வழிப் பள்ளியில் சேர்க்கட்டும். ஊராட்சிகள் தத்தம் ஊரின் தமிழ்ப்பெயரை மீட்க முடிவெடுக்கட்டும். முறைமன்றத் தமிழுக்கான குரல் ஊர்தோறும் எழட்டும். 60 இலக்கம் மக்களால் இயன்றது 7 கோடிப் பேரால் இயலாதெனில், குறை தமிழிடத்தில் இல்லை, தமிழரிடத்தில் உள்ளது.