பொது மிதிவண்டி

புதிய நகரொன்றைக் காணச் செல்வோருள், பேருந்தில் விரைவோர் தெருக்களை முகம் கண்டு அகம் காணாது நீங்குவர். நடந்து செல்வோர் ஓரிரு தெருக்களிலேயே கால் சோர்வர். இவ்விரண்டற்கும் இடைப்பட்டது மிதிவண்டிச் செலவு. விரும்பிய இடத்தில் நிற்கலாம். விரும்பிய தெருவில் திரும்பலாம். ஆயின், அயலூர் செல்வோர் தம் வண்டியையும் உடன் கொண்டுசெல்லல் எளிதோ? இக்குறையைத் தீர்ப்பது பொது மிதிவண்டித் திட்டமாகும்.

இதற்கு வித்திட்ட நகரம் ஆம்ஸ்டர்டாம். 1965ஆம் ஆண்டில் அந்நகர இளைஞர் சிலர் மிதிவண்டிகளுக்கு வெண்ணிறம் தீட்டி, பூட்டின்றித் தெருவில் விடுத்தனர். வேண்டுவோர் எடுத்து ஊர்ந்து, வேண்டிய இடத்தில் விட்டுச் செல்லலாம் என்பது அவர்தம் கருத்து. பூட்டாத வண்டியைத் தெருவில் விடுதல் சட்டத்திற்கு மாறு எனக் காவலர் அவற்றைக் கைப்பற்றினர். 1995ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரம் வேறொரு முறையைக் கையாண்டது. நாணயம் இட்டால் வண்டி விடுபடும். மீண்டும் நிறுத்தினால் நாணயம் திரும்பும். எனினும், எடுத்தவர் இன்னார் என அறிய வழியின்மையால் களவு நிகழ்ந்தது.

2007ஆம் ஆண்டில் பாரிசு நகரில் ‘வெலீப்’ என்னும் திட்டம் தொடங்கிற்று. எடுப்பவர் யார் என்பது அவர்தம் அட்டையால் பதிவாயிற்று. முதல் அரைமணி நேரத்திற்குத் தனிக்கட்டணம் இல்லை. அதன்பின் நேரம் மிகுந்தோறும் கட்டணமும் மிகுந்தது. ஒரு வண்டி ஒருவரிடமே தங்காமல் பலர்க்கும் பயன்படுதற்கு இஃது ஏற்ற வழியன்றோ? இவ்வளவு காப்பிருந்தும், முதற்சில ஆண்டுகளிலேயே பல்லாயிரம் வண்டிகள் களவுபோயின, சிதைக்கவும்பட்டன.

‘தனக்கென்றால் பிள்ளையும் களை வெட்டும்’ என்பது பழமொழி. இதனைக் காட்டி, பொதுப்பொருளை எவரும் பேணார்; பூட்டும் தண்டமுமே அதனைக் காக்கும் என்பாரும் உளர். அவர் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு, முழுவுண்மை இல்லை. பூட்டும் பிணைத்தொகையும் இருந்தும் பாரிசு வண்டிகள் சிதைந்தனவே! அதே நகரில் மற்றொரு வழக்கமும் காணப்படுகிறது. தாம் எடுத்த வண்டி பழுதுற்றது எனக் கண்டவர், அதனை நிலையத்தில் நிறுத்துங்கால் இருக்கையைப் பின்புறமாகத் திருப்பி வைப்பர். அடுத்து வருபவர் அக்குறிப்பைக் கண்டு வேறு வண்டியைத் தேர்வர். இதனைச் செய்தவர்க்குக் கூலி இல்லை. செய்யாதார்க்குத் தண்டம் இல்லை. முகமறியா ஒருவர் இடர்ப்படலாகாது என்னும் எண்ணம் ஒன்றே இதற்குக் காரணம். இவ்வெண்ணத்தை எந்தப் பூட்டும் தோற்றுவித்தல் இயலாது.

இப்பண்பிற்கு உண்மையான தேர்வு பயணியிடமே நிகழ்கின்றது. அவர் மறுநாளே ஊர் நீங்குபவர். அவர் பெயரை அவ்வூரார் அறியார். பழிப்பாரும் இல்லை, புகழ்வாரும் இல்லை. அந்நிலையிலும் நற்பயணி எடுக்குமுன் தடையையும் சக்கரத்தையும் நோக்குவார், நடைபாதையில் ஓட்டார், சாலை விதிகளைப் போற்றுவார், உரிய நிலையத்தில் நிறுத்திப் பூட்டு விழுந்ததை உறுதிசெய்த பின்னரே அகல்வார், பழுதிருப்பின் இருக்கையைத் திருப்பி வைப்பார்.

தன் பொருளைக் காப்பது இயல்பு. பொதுப்பொருளைக் காப்பதே பண்பு. காண்பார் இல்லாவிடத்தும் அதனைக் காப்பவர் எவ்வூர் சென்றாலும் அயலார் ஆகார். அவ்வூர்க் குடிமகனே ஆவர்.