இலையில் முதலில் விழும் இனிப்பு

எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவரிடம் ஊர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு ஆச்சு?" இரண்டாவது, "அப்ப இனிமே ஸ்வீட்டே தொடக்கூடாதா?" முதல் கேள்விக்கு, இன்ஷூரன்ஸ்காரரைக் கேளுங்கள் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். இரண்டாவதற்கு ஒரு வரியில் பதில் கிடையாது. தொடலாம். எப்போது, எதற்குப் பிறகு, எவ்வளவு என்று அடுத்து விளக்க வேண்டும். கேட்டவருக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. "பாவம்" என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, எனக்கு எதிரே இருக்கும் லட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொள்வார்.

நான் செய்துகொண்டது கேஸ்ட்ரிக் பைபாஸ். இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையைத் தனியாகப் பிரித்து, அதை நேரே சிறுகுடலின் இடைப்பகுதியோடு தைத்துவிடுகிறார்கள். மிச்ச இரைப்பை உள்ளேயேதான் இருக்கும். சாப்பாடு அந்தப் பக்கம் போகாது. எங்கள் மதுரைப் பக்கத்து ஆட்களுக்குக் கண்மாயை வைத்துச் சொன்னால் உடனே புரிகிறது. இரைப்பை கண்மாய் என்றால், அதன் அடிவாசலில் இருக்கும் தசைவளையம் மடை. வந்ததையெல்லாம் தேக்கி வைத்து, வயலுக்கு வேண்டிய அளவு மட்டும் திறந்துவிடும். பைபாஸில் கண்மாயையும் மடையையும் சுற்றிக்கொண்டு தண்ணீர் நேராக வயலில் பாய்கிறது. பருப்போ முட்டையோ பாய்ந்தால் பெரிய தொந்தரவில்லை, அவை கரையவே நேரம் எடுக்கும். சீனிப்பாகு பாய்ந்தால் கதை வேறு. அந்த அடர்த்தியை நீர்க்கவைக்க ரத்தத்தில் இருக்கும் நீர் குடலுக்குள் இறங்குகிறது. வயிறு உப்பி முறுக்கும், நெஞ்சு படபடக்கும், முகம் வியர்க்கும், கழிப்பறை எங்கே என்று கண் தேடும். எல்லாவற்றுக்கும் மேல், எங்கேயாவது கொஞ்சம் படுத்தால் போதும் என்று இருக்கும். சாப்பிட்ட பத்து நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இது வந்துவிடும். டாக்டர்கள் 'டம்பிங்' என்கிறார்கள்.

மறுபரிசோதனைக்குக் காத்திருக்கும் பெஞ்சில் ஒரு பஸ் கண்டக்டர் எனக்குப் பழக்கம். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் வெயில் தாங்காமல் ஒரு முழு ஜிகர்தண்டாவைக் குடித்திருக்கிறார். சுண்டக் காய்ச்சிய பால், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். ஒரு சர்க்கரைக்கு மூன்று சர்க்கரை, அதுவும் திரவமாக. பாதித் தெரு நடப்பதற்குள் கடைவாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். "கூட்டத்துல எல்லாரும் எனக்குச் சாமி வந்துருச்சுன்னு நெனச்சாங்கக்கா. விபூதி பூசி விட்டாங்க" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் வேதனையைவிடப் பெருமைதான் அதிகம்.

அந்தப் பெருமைக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். டம்பிங், எடை குறைப்பு ஆபரேஷனோடு பிறந்த தொந்தரவில்லை. வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையை வெட்டியோ குடலோடு இணைத்தோ வைத்தியம் பார்த்த காலத்திலேயே அது இருந்தது. 1922இல் மிக்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் அந்தப் பெயரில் எழுதியும் வைத்தார். தென்னிந்தியாவில் குடல்புண் ஒரு காலத்தில் மிக அதிகம். 1960களிலும் 70களிலும் நம் பெரிய ஆஸ்பத்திரிகளில் 'அல்சர் ஆபரேஷன்' அன்றாட வேலை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் வந்த பிறகுதான் அந்தக் கத்திக்கு ஓய்வு கிடைத்தது. பெரியப்பாவும் அப்படி வெட்டுப்பட்டவர். விசேஷ வீட்டில் பாயசம் குடித்த கையோடு திண்ணையில் துண்டை விரித்துச் சாய்ந்துவிடுவார். வேலை செய்ய அஞ்சி நடிக்கிறார் என்று பெரியம்மா உட்பட வீடே சொல்லும். வத்தலும் தொத்தலுமாகவே இருந்தார். அவரைப் போலவே, இரைப்பையில் பெரும்பகுதியை இழந்தவர்கள் இளைத்துப்போவதைக் கவனித்துத்தான் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன், சிகாஷி இடோ என்ற இரு மருத்துவர்கள் 1966இல் முதல் பைபாஸைச் செய்தார்கள். பெரியப்பாவின் தொந்தரவுதான் எனக்கு வைத்தியமாக வந்திருக்கிறது.

இப்போது பெருமை. பைபாஸ் செய்துகொண்டவர்களில் பலர் டம்பிங்கை ஒரு காவல்காரனாகவே நம்புகிறார்கள். நாம் தப்பு செய்தால் உடம்பே தண்டித்துவிடும், மனக்கட்டுப்பாடு என்ற சனியன் இனி வேண்டாம் என்ற நிம்மதி. அதனால்தான் டம்பிங் வராதவர்கள் கவலைப்படுகிறார்கள். "எனக்கு அல்வா சாப்பிட்டாலும் ஒண்ணும் ஆகலையே, ஆபரேஷன் சரியா நடக்கலையா?" என்று டயட்டீஷியனிடம் அழுதவரை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. பைபாஸ் செய்துகொண்ட எல்லோருக்கும் அது வருவதில்லை. வருகிறவர்கள் வராதவர்களைவிடக் கூடுதலாக இளைக்கிறார்கள் என்றும் உறுதியாக நிறுவப்படவில்லை. இன்று மிகப் பரவலாக நடக்கும் ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்தாலும் அடிவாசல் அப்படியே இருப்பதால், அவர்களில் பலர் குலோப்ஜாமூனை எந்த விபத்துமின்றி விழுங்குகிறார்கள். பெஞ்சில் பைபாஸ்காரர்களுக்கும் ஸ்லீவ்காரர்களுக்கும் நடுவே இது விஷயமாக ஒரு மெல்லிய பொறாமை ஓடும். யார் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள் என்பது அன்றைக்கு வெளியே மணக்கும் பலகாரத்தைப் பொறுத்தது.

என் கருத்து இதுதான்: சர்க்கரை உடம்புக்கு ஒத்துக்கொள்ள ஆரம்பிப்பது நல்ல சேதி இல்லை. முதல் வருஷம் பசியே எடுக்காது, நாக்குக்கே ருசி மாறி, பழைய காபி திகட்டும். அந்த வருஷத்தில் இனிப்பை ஒதுக்குவதில் நம் சாமர்த்தியம் எதுவும் இல்லை. பிறகு மெல்ல மெல்லக் குடல் பழகுகிறது. பத்து வில்லையில் வந்த படபடப்பு இருபது வில்லையிலும் வராமல் போகிறது. சுவீடனில் 1987இல் தொடங்கிப் பல்லாண்டுகள் நடந்த பெரிய ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு வருஷத்தில் சராசரியாக 32 சதவீத எடையை இழந்திருந்தார்கள். பத்தாம் வருஷத்தில் அந்தக் கணக்கு 25 சதவீதமாகக் குறைந்திருந்தது. இன்னமும் அது பெரிய வெற்றிதான். ஆனால் திரும்பி வந்த எடைக்கும் வழி இருக்கிறது. இட்லியைக் கூட்டிச் சாப்பிட அந்தச் சின்னப் பையில் இடமில்லை. மாம்பழ ஜூஸுக்கும் ஐஸ்கிரீமுக்கும் இடமே தேவையில்லை, நழுவிக்கொண்டே போய்விடும். காவல்காரன் தூங்கிப்போன பிறகு வாசலில் நாம்தான் உட்கார வேண்டும்.

அவன் தூங்குவதற்குள் இன்னொரு வேஷத்திலும் வரலாம். ஆபரேஷனாகி ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆன சிலருக்கு வருவது இது. காலையில் கேசரியும் காபியும் சாப்பிட்டு எல்லாம் நன்றாகவே இருக்கும். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து, ஆபீசில் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது கை நடுங்கும், கண் மங்கும், காரணமே இல்லாமல் எதிரே இருப்பவர் மேல் எரிச்சல் வரும். வேகமாகப் பாய்ந்த சர்க்கரை ரத்தத்தில் சட்டென்று ஏறுகிறது. குடலிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது (இன்று எல்லோரும் பேசும் எடை குறைப்பு ஊசிகள் இதைத்தான் போலச் செய்கின்றன). இன்சுலின் தேவைக்கு மேல் கொட்டுகிறது. சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடுகிறது. உடனே யாராவது கருணையோடு ஒரு சாக்லேட்டை நீட்டுவார்கள். தின்றால் பத்து நிமிஷத்தில் தெளியும், அடுத்த இரண்டு மணி நேரத்தில் மறுபடி அதே நடுக்கம். பாதி நாள் இப்படியே ஏறி இறங்கிப் போனவர்கள் உண்டு. இறங்கிவிட்டால் கொஞ்சமாக இனிப்பு எடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் வீம்பு கூடாது. ஆனால் தெளிந்த கையோடு ஒரு பிடி வேர்க்கடலையோ சுண்டலோ சாப்பிட்டால்தான் அந்த ராட்டினம் நிற்கும். தலைசுற்றி விழுகிற அளவுக்குப் போனால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. வண்டி ஓட்டுகிறவர்கள் இதில் அசட்டையாக இருக்கவே கூடாது.

சாப்பாட்டு மேஜையில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று என்றால், வரிசையை மாற்றுவது. புரதம் முதலில், காய் அடுத்து, சோறு அதற்குப் பிறகு, இனிப்பு ஆசைப்பட்டால் கடைசியில் ஒரு வாய். தண்ணீரும் மோரும் சாப்பாட்டோடு சேராமல் அரை மணி நேரம் தள்ளி. வெறும் பையில் விழும் சீனியும், பருப்புக்கும் கீரைக்கும் பின்னால் விழும் சீனியும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஆனால் நம் பந்தி இதற்கு நேர் எதிர். இலை போட்டதும் ஓரத்தில் விழுவது இனிப்பு. அதைத் தொட்டுவிட்டுத்தான் மற்றது என்று சின்ன வயதிலிருந்து பழக்கியிருக்கிறார்கள். நான் லட்டை இலையின் மேல்கோடிக்குத் தள்ளிவைத்துவிட்டுக் கூட்டிலிருந்து தொடங்குவேன். அபசகுனமாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பரிமாறுகிற பையன்கள் இனிப்பு பிடிக்கவில்லை போலும் என்று நினைத்து, அல்வாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள்.

வற்புறுத்தலிலிருந்து தப்பிக்க ஒரு குறுக்குவழி கைவசம் இருக்கிறது. "எனக்கு சுகர்" என்று சொன்னால் போதும். தமிழ்நாட்டில் இந்த இரண்டு சொல்லுக்கு இருக்கும் மரியாதை கலெக்டர் உத்தரவுக்குக்கூடக் கிடையாது. சட்டென்று டம்ளர் மாறும், மன்னிப்புகூடக் கேட்பார்கள். வயிற்றில் ஆபரேஷன் என்று உண்மையைச் சொன்னாலோ, அரை மணி நேரம் அறிவுரை: நடந்திருக்கலாமே, கொள்ளு ரசம் குடித்திருக்கலாமே. என்னைப் பொறுத்தவரை இந்தப் பொய்யில் பாவமில்லை.

பொய் பலிக்காத ஒரே இடம் சொந்த வீடு. என் சித்தி உடன்குடியிலிருந்து ஆள்வைத்துக் கருப்பட்டி வரவழைப்பவர். "சீனிதான்டி ஆகாது. இது நம்ம பனங்கருப்பட்டி, மருந்து மாதிரி" என்று பணியாரத்தை நீட்டுவார். கருப்பட்டியின் வாசம் எனக்கும் பிடிக்கும். அதில் இரும்பு, தாது என்று கொஞ்சம் கூடுதலாக இருப்பதும் சரி. ஆனால் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ், சீனி டப்பாவில் இருக்கும் அதே சரக்கு. நாட்டுச்சர்க்கரை, தேன், பேரீச்சைப் பாகு எதுவாயிருந்தாலும் என் குடலுக்கு ஊர்ப்பாசம் கிடையாது. நெடுஞ்சாலை நெடுகிலும் கருப்பட்டிக் காபிக் கடைகள் பெருகியிருக்கின்றன. அங்கே நிற்கிற கார்களில் பாதி, சீனியை விட்டுவிட்டோம் என்ற திருப்தியில் நிற்கிறவை.

சித்தியைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் கொண்டுபோகிற ஊர் இது. உடம்பு தேற இனிப்புத்தான் கொடுப்போம். ஆபரேஷன் முடிந்த வாரம் என் கட்டிலுக்கு அடியில் சேர்ந்த சத்துமாவு டப்பாக்களின் பின்பக்கத்தைப் படித்துத்தான் நான் லேபிள் படிக்கக் கற்றேன். நான்கு கிராம் ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான் கணக்கு. சேர்க்கப்பட்ட சர்க்கரையை ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது எல்லோருக்குமான அளவு; எங்களுக்கு அதுவே தாராளம். மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ், லிக்விட் குளுக்கோஸ் என்று மாற்றுப் பெயரில் ஒளிந்திருந்தாலும் வேலை ஒன்றுதான். 'சுகர் ஃப்ரீ' மிட்டாயில் இருக்கும் மால்டிடால், சார்பிடால் இரண்டும் டம்பிங்கைக் கிளப்பாமல் விட்டாலும் வாயுவையும் பேதியையும் கிளப்பும். பாதி வில்லை தின்று பார்த்துவிட்டுப் பயணத்துக்கு எடுத்துப் போங்கள்.

எழுதாமல் விட முடியாத ஒன்று, கல்யாணமாகிக் குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களுக்கு. கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்க, சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கும் முறையைச் சென்னையின் டாக்டர் வி.சேஷையா முன்னின்று பரப்பினார். நம் ஆரம்ப சுகாதார நிலையம் வரை அது போய்ச் சேர்ந்தது. எத்தனையோ தாய்மாரைக் காப்பாற்றிய நல்ல ஏற்பாடு. ஆனால் 75 கிராம் என்பது ஏறக்குறைய 19 டீஸ்பூன். பைபாஸ் ஆன பெண் அதை ஒரே மூச்சில் குடித்தால் பெஞ்சில் சுருண்டு படுத்துவிடுவாள், வருகிற அளவும் நம்பும்படி இருக்காது. அதற்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டிலேயே, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் விரலில் குத்திப் பார்த்துக் குறித்துவைத்தால் போதும் என்பது மருத்துவர்கள் ஏற்ற வழி. லேபில் டம்ளரை நீட்டும் பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. "எல்லாரும் குடிக்கிறதுதாம்மா" என்பாள். வாங்கிக்கொள்ளாமல், ஆபரேஷன் செய்த டாக்டரின் சீட்டைக் காட்டிவிட்டு, பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் திரும்பிப் போங்கள்.