வங்கி பேனலில் இருந்து நீக்கப்பட்ட சட்ட நிறுவனம் மீண்டும் நுழைய முடியுமா? இங்கிலாந்து நடைமுறை என்ன?

லண்டனில் வேலை, கையில் கொஞ்சம் சேமிப்பு. ஒரு ஃபிளாட் வாங்கலாம்னு முடிவு செய்தாச்சு. கடன் தர வங்கியும் ஓகே சொல்லிடுச்சு. ஆனா, ‘உங்க சொலிசிட்டர் எங்க பேனலில் இல்லை’ என்கிறார்கள். வாங்குபவருக்கு இது தலைவலி. அந்த சொலிசிட்டருக்கோ பிழைப்புப் பிரச்சினை.

பேனல் என்றால் என்ன?

இங்கிலாந்து, வேல்ஸில் வீடு வாங்குபவருக்கும் கடன் தரும் வங்கிக்கும் பெரும்பாலும் ஒரே சட்ட நிறுவனம்தான் வேலை பார்க்கிறது. கடன் பணமும் அந்த நிறுவனத்தின் கணக்கு வழியாகத்தான் போகும். அதனால், நம்பிப் பணத்தைக் கொடுக்கலாம் என்று நினைக்கும் நிறுவனங்களை ஒவ்வொரு வங்கியும் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அதுதான் பேனல்.

ஏன் நீக்குகிறார்கள்?

2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு வங்கிகள் உஷாராகின. 2012 ஜனவரியில் எச்எஸ்பிசி தன் பேனலை வெறும் 43 நிறுவனங்களாகச் சுருக்கியது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அதே ஆண்டு, போலி சொலிசிட்டர் அலுவலகத்திடம் ஏமாந்து கடன் பணத்தைக் கொடுத்த ஒரு நிறுவனம், வங்கிக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

ஆனா, நீக்கப்படுபவர்கள் எல்லோரும் தப்பு செய்தவர்கள் இல்லை. அந்த வங்கியின் கேஸ்கள் குறைவாக வந்தாலே சிறிய நிறுவனங்கள் பட்டியலில் இருந்து விழுந்துவிடலாம். பேனலில் இல்லாததால் கேஸ் வராது. கேஸ் வராததால் பேனலில் இடம் கிடைக்காது. சிக்கலே இங்கேதான்.

திரும்பச் சேர என்ன வழி?

பேனலில் இடம் சட்டப்படியான உரிமை கிடையாது. அது வங்கியின் வணிக முடிவு. கெஞ்சுவதைவிட, ‘எங்களால் உங்களுக்கு ரிஸ்க் இல்லை’ என்று காட்டுவதுதான் பலன் தரும்.

* காரணத்தைக் கேளுங்கள்: கேஸ் குறைவா, புகாரா, ஆவணம் விடுபட்டதா என்று எழுத்துபூர்வமாகக் கேட்க வேண்டும். காரணம் தெரியாமல் மறுபடி விண்ணப்பிப்பது வீண்.
* விவரங்களைச் சரிசெய்யுங்கள்: பங்குதாரர், முகவரி, நிறுவனப் பெயர், தொழில்முறை காப்பீடு ஆகியவற்றில் மாற்றம் இருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். பல வங்கிகள் ‘லெண்டர் எக்ஸ்சேஞ்ச்’ தளத்தில்தான் இவற்றைச் சரிபார்க்கின்றன.
* தரச்சான்று வாங்குங்கள்: லா சொசைட்டியின் ‘சிக்யூஎஸ்’ சான்றை சொலிசிட்டர் நிறுவனங்களுக்கு நிபந்தனையாகவே வைத்திருக்கும் வங்கிகள் உண்டு.
* பழைய பாக்கியை முடியுங்கள்: வீடு கைமாறியும் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் வங்கியின் அடமானம் பதிவாகாமல் கிடந்தால், கடனுக்கான பாதுகாப்பே ஆட்டம் காணும். நிலுவையில் உள்ள பதிவுகளை முடித்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது.
* வங்கியும் கிளையன்ட்தான்: விற்பவர் அந்த வீட்டை வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை என்றால், வங்கிகளின் பொதுக் கையேட்டின்படி அதைத் தெரிவிக்க வேண்டும். இதற்கான செக்லிஸ்ட் நடைமுறையில் இருப்பதை விண்ணப்பத்தில் காட்டலாம்.

வாங்குபவர் என்ன செய்யணும்?

பேனலில் இல்லாத சொலிசிட்டரையே வைத்துக்கொள்ள சில வங்கிகள் அனுமதிக்கும். ஆனா, வங்கி தனக்குத் தனி வக்கீல் வைக்கும். அந்தச் செலவு பொதுவாக வாங்குபவர் தலையில்தான் விழும், நாளும் இழுக்கும். அதனால் சொலிசிட்டருக்கு முன்பணம் கட்டும் முன்பே, ‘என் வங்கியின் பேனலில் இருக்கீங்களா?’ என்று கேட்டுவிடுங்கள். நிறுவனங்களும் இதை மறைக்காமல் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.