களிமண்ணுக்குச் சாதி இல்லை!

சென்னைக் கடற்கரையிலே, நால்வர் பாறை பெயர்க்கும் உழைப்பாளர் சிலையைக் கண்டிருப்பீர்கள். 1959-ல் திறக்கப்பட்ட அச்சிலையை வடித்தவர், சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சுமை தூக்கும் தோளுக்கும் அழகுண்டு என்று ஊரறியக் காட்டியது கலை! அந்தக் கலையை உழைப்பாளியின் பிள்ளை கற்க வேண்டாமா?

உயர்நிலைப் பள்ளியிலே ஓவிய வகுப்பு உண்டு — கால அட்டவணையிலே! தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது அதுதான். கணக்கு ஆசிரியர் வருவார். "பாடம் முடியவில்லை" என்பார். தூரிகை மூலைக்குப் போகும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலே இடமில்லாத பாடம்தானே, கேட்பார் யார்?

2012-ல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்பயிற்சி கற்பிக்க, பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பகுதிநேர ஆசிரியர்களாக அமர்த்தினார்கள். வாரத்தில் மூன்று அரைநாள். மாதம் 5,000 ரூபாய். கலைக்கு வைத்த விலை அது!

குறும்பாகக் கேட்போர் உண்டு: "1953-ல் ஆச்சாரியார் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்தீர்களே, இன்று நீங்களே கைத்தொழில் கேட்கிறீர்களே?" என்று.

கேட்கிறோம், தோழர்களே, கூசாமல் கேட்கிறோம்! அந்தத் திட்டம் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தது. மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைப் படி என்றது. குயவர் மகனுக்குச் சக்கரம், சலவைத் தொழிலாளி மகனுக்கு வெள்ளாவி! நாடு கொதித்தது, 1954-ல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. எதிர்த்தது தொழிலையல்ல, பிறப்பைப் பார்த்துத் தொழிலை ஒட்டிய கொடுமையை! கலை வகுப்போ நேர்மாறு. ஒரே மேசை, ஒரே களிமண். அதிகாரி மகளும் பிசைகிறாள். கூலிக்காரர் மகனும் பிசைகிறான்.

"வெறும் பொழுதுபோக்கு" என்பாரைச் சுவாமிமலைப் பட்டறைக்கு அழைத்துச் செல்லுங்கள். தென்னை ஓலையை மடித்து அளவெடுக்கிறார் ஸ்தபதி: அது விகிதக் கணக்கு. மெழுகிலே உருவம் செய்து, காவிரி வண்டல் பூசி, சூட்டிலே மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் வார்க்கிறார்: அது விஞ்ஞானம். கையால் கற்றது எளிதில் மறக்குமா?

மாமல்லபுரத்திலே 1957-ல் அரசு சிற்பக் கல்லூரி தொடங்கியது. தந்தை சிற்பியாக இல்லாத பிள்ளைக்கும் உளி பிடிக்க அங்கே வழியுண்டு. ஆனால், உளியையே பார்த்திராத பிள்ளைக்கு அங்கே சேரும் ஆசை எப்படிப் பிறக்கும்? அந்த ஆசைக்கு விதை பள்ளியிலேதான் விழவேண்டும்.

முழுநேர ஆசிரியர், தனி அறை, எவரும் பறிக்காத பாடவேளை — கேட்பது இம்மூன்றே. பெற்றோர் கூட்டத்துக்குப் போங்கள், தோழர்களே! பின்வரிசையில் பதுங்காதீர்கள். எழுந்து நின்று கேளுங்கள்: "எங்கள் பிள்ளையின் ஓவிய வகுப்பு எங்கே?"